முருகேசன் படையலில் ஒரு சுவிஸ் ஒயின்

ஹோட்டல் சமையலறையில் பாலாடைக்கட்டி துருவிக்கொண்டிருந்தபோது ராமநாதபுரத்திலிருந்து முருகேசனின் மைத்துனர் போன் செய்தார். "மச்சான் தவறிட்டாகண்ணே. மாரடைப்பு" என்றார். அடுத்த வாரம் முருகேசனுக்கு டூட்டி இருக்கிறதே என்று நான் பதில் சொன்னேன். லீவில் போனவர் திரும்பி வராமல் எப்படி இருப்பார் என்று எனக்கு நிஜமாகவே புரியவில்லை. போனை வைத்துவிட்டு மிச்சக் கட்டியையும் துருவி முடித்தேன்.

துபாயில் அவரோடு வேலை பார்த்தவர்களுக்கும், அல் குசைஸ் ரூமில் அவரோடு தங்கியிருந்தவர்களுக்கும் இதை எழுதுகிறேன். எங்கள் சுவிஸ் உணவகத்தில் ஒயின் பரிமாறுவது அவர் வேலை. எத்தனையோ ஒயின் இருந்தாலும் ஷாஸ்லா என்ற திராட்சையில் செய்த வெள்ளை ஒயினைத்தான் அவர் தன் சொந்தக்காரர் மாதிரி தாங்குவார். உருக்கிய பாலாடைக்கட்டிக்கு சிவப்பு ஒயின் கேட்ட ஒருவரை ஒருநாள் கால் மணி நேரம் நின்று மடக்கி, இதையே குடிக்க வைத்தார். மேனேஜர் முறைத்தார். "இது மெதுவா பேசுற ஒயின்ப்பா. பக்கத்துல கத்துற சாப்பாட்ட வச்சா அது வாயத் தொறக்காது" என்று முருகேசன் என்னிடம் வந்து சொன்னார். அவித்த உருளைக்கிழங்கு, உருக்கிய பாலாடைக்கட்டி, வெண்ணெயில் பொரித்த மீன் இவைதான் அதற்குச் சேரும் என்பார். மிளகாய் பக்கத்தில் வரக்கூடாது.

ஆனால் அவர் குடிக்க மாட்டார். புது ஒயின் வந்தால் ருசி பார்ப்பார். வாயில் வைத்துப் பத்து எண்ணுவார், எவர்சில்வர் டம்ளரில் துப்புவார், அப்புறம்தான் பேசுவார். "செல்விகிட்ட சொல்லிட்டு வந்துருக்கேன், ஒரு சொட்டு உள்ள போகாதுன்னு" என்பார். செல்வி அவர் மனைவி. நாங்கள் எவ்வளவு கேலி செய்தாலும் சிரித்துக்கொண்டு நகர்ந்துவிடுவார்.

ஒரே ஒரு தடவைதான் எனக்குக் குழப்பம் வந்தது. சுவிட்சர்லாந்தின் ஏரி மீன் கிடைக்காத நாளில் செஃப் விளமீனை வெண்ணெயில் பொரித்தார். விளமீன் முருகேசனுடைய ஊர்க் கடல் மீன். ஒரு துண்டு தின்று, ஒரு வாய் ஷாஸ்லா எடுத்து, சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் மனசுக்குள் பத்து எண்ணினேன். அவர் திரும்பவில்லை. "என்னண்ணே, சேருதா?" என்றேன். தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போனார். டம்ளரை எட்டிப் பார்த்தேன், ஈரமில்லை. ஒருவேளை கைகழுவும் தொட்டியில் துப்பியிருக்கலாம். நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

பதினாறாம் நாள் மத்தியானம் எங்கள் ரூமில் படையல் போட்டோம். டிரைவர் பாண்டி ஆட்டுக்கறிக் குழம்பு வைத்தான். மேனேஜர் ஒரு ஷாஸ்லா பாட்டில் கொடுத்தனுப்பியிருந்தார். "அண்ணன் அதப் பத்திப் பேசாத நாளே இல்ல. அது இல்லாம என்ன படையல்?" என்றான் பாண்டி. எனக்குக் கை ஓடவில்லை. ஊரில் சடங்கு முடிந்ததும் செல்வி வீடியோவில் பார்ப்பதாகச் சொல்லியிருந்தாள். இலையில் ஒயின் கிளாஸைப் பார்த்தால், கொடுத்த வாக்கை அவர் காப்பாற்றவில்லை என்று நினைத்துக்கொள்வாளே. வைக்காவிட்டால், பிடித்தது இல்லாமல் அவர் போவாரே. கடைசியில் கிளாஸை அவர் போட்டோவுக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன். என்ன புத்தியோ.

செல்வி வீடியோவில் வந்ததும் போனைத் திருப்பிக் காட்டினேன்; அவள் கண்ணில் அதுதான் பட்டது.

"போட்டோவுக்குப் பின்னால என்னண்ணே?"

"அது... ஒயின்ம்மா."

"அவுக எப்பவும் சொல்ற வெள்ளையா?"

"ஆமாம்மா."

கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "முன்னால எடுத்து வைங்கண்ணே. அந்தக் கறிக்கொழம்ப மட்டும் தள்ளி வச்சுருங்க. காரம் அதுக்கு ஆகாதும்பாக. ரெண்டு உருளக்கெழங்கு அவிச்சு வைங்க" என்றாள். பாண்டி குக்கரை ஏற்றினான்.

கிழங்கு வேகும்வரை போனை வைக்காமல் இருந்தவள், "அண்ணே, அவுக குடிச்சாகளா?" என்று கேட்டாள். விளமீன் நாள்தான் கண்முன் வந்தது. "தெரியலம்மா" என்றேன். பொய் சொல்லவில்லை. "குடிச்சாகளோ இல்லையோ, அம்புட்டு வருசத்துல ருசியாச்சும் தெரிஞ்சிருக்கும்ல?" என்றாள். வெந்த கிழங்கை இலையில் வைத்து, கிளாஸை முன்னால் எடுத்து வைத்தேன்.

படைத்ததைப் பகிர்ந்தபோது கிளாஸ் என்னிடம் வந்தது. கிழங்கை ஒரு கடி கடித்து, ஒரு வாய் எடுத்து, அவர் மாதிரியே பத்து எண்ணினேன். விழுங்குவதா, துப்புவதா என்று தெரியாமல் வாயை மூடிக்கொண்டு நின்றேன். அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தப் பத்து எண்ணிக்கைதான். பதினொன்றில் அவர் என்ன செய்தார் என்று உங்களில் யாராவது பார்த்திருந்தால், எனக்கு வேண்டாம், செல்விக்குச் சொல்லுங்கள்.