இயந்திரத்தின் நெற்றிச் சந்தனம்

கொழும்பிலிருந்து வந்திருந்தவர் தம் பையிலிருந்து வெள்ளைத் துணியொன்றை எடுத்து, அதில் சிறிது ஸ்பிரிட் ஊற்றி, என் கணினியின் முகப்பை நோக்கிக் கையை நீட்டினார். நான் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன். விருந்தினரின் கையைப் பிடித்து நிறுத்துவது என் வழக்கமன்று. அன்று பிடித்தேன்; இன்று வந்தாலும் பிடிப்பேன்.

இப்போது மடியில் வைத்துத் தட்டுகிற வகைக் கணினியன்று அது. இரும்பு அலுமாரி அளவு உயரம். முகப்பில் வரிசையாகச் சிறு விளக்குகள், அவற்றின் கீழே விரலால் தட்டிப்போடும் ஆளிகள். உள்ளே, தட்டில் புத்தகங்களைச் செருகியதுபோல் சர்க்கியூட் அட்டைகள். ஒரு மண்டபத்தையே அடைத்துக்கொண்ட முன்னைய கணினிகளோடு ஒப்பிட்டு இதை மினி கம்ப்யூட்டர் என்றார்கள். எங்கள் வீட்டு முன்னறையில் அது நிற்பதைக் காண்பவர் எவரும் அந்தப் பெயரை நம்புவதில்லை.

தோட்டங்களின் வேலைப்பதிவுகளைக் கவனித்த பதுளை அலுவலகம் ஒன்றில் அதுவும் நானும் வேலை செய்தோம். மடுல்சீமையில், தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடான லயத்தில் பிறந்த நான், செருப்பைக் கழற்றிவிட்டு அந்தக் குளிரூட்டிய அறைக்குள் முதன்முதல் நுழைந்ததை மறக்கவில்லை. தூசு வரக்கூடாதென்று கழற்றச் சொன்னார்கள். நாங்கள் கழற்றியது, கோயிலில் கழற்றுகிற காரணத்துக்காக.

சிறிய கணினிகள் வந்ததும் அதை மடுல்சீமைப் பக்கத்துத் தேயிலைத் தொழிற்சாலை ஒன்றின் பழஞ்சாமான் அறைக்கு அனுப்பிவிட்டார்கள். நான் ஓய்வு பெற்ற பின், பழைய இரும்புக்குப் போகவிருந்ததை அனுமதி பெற்று, தேயிலைக் கொழுந்து ஏற்றும் லொறியில் சாக்கு விரித்துப் படுக்கவைத்து, பாதையின் ஒவ்வொரு குழியிலும் அதன் பக்கத்தைத் தாங்கிப் பிடித்தபடி இறக்கிக்கொண்டு வந்தேன். அதன் கையேடுகளும் வரைபடங்களும் தேயிலைப் பெட்டிகளில் வந்தன. என் மனைவி வாசலில் நின்று பார்த்தாள்.

“பொண்ணு அழைச்சுக்கிட்டு வர்ற மாதிரியில்ல வர்றீங்க,” என்றாள்.

அட்டைகளின் விளிம்பில், மின்சாரம் கடக்கும் தங்க முலாம் பூசிய தொடுபற்களைக் காட்டினேன். “அதுக்குத் தங்கப் பல்லு, எனக்குக் கட்டுப் பல்லு,” என்றாள். அந்தப் பகடியை அவள் இன்றுவரை விடவில்லை.

நெடுங்காலம் உறங்கிய இயந்திரத்துக்கு உடனே முழு மின்சாரம் கொடுக்கக்கூடாது. பட்டினி கிடந்தவருக்குக் கஞ்சி ஊட்டுவதுபோல் சிறிது சிறிதாக ஏற்ற வேண்டும். அப்படி ஏற்றி, விளக்குகள் எரிந்த காலையில் நான் அதன் முன் அமர்ந்து பதிகம் ஓதினேன். ஆனால் ஒரு விளக்கு மட்டும் அணைய மறுத்தது. நினைவகத்தில் எதை எழுதினாலும் ஓர் இடம் பிழையாகவே திரும்பி வந்தது. வரைபடத்தை விரித்து, கம்பி கம்பியாகத் தொடர்ந்து, ஒரு மழைக்காலம் முழுவதும் தேடிய பிறகு பிழையைக் கண்டேன். அது சந்தனம்.

தோட்டத்தில் ஆயுத பூசையன்று தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்திக்குப் பொட்டு வைத்துவிட்டு மண்வெட்டியை மறப்பதில்லை. உழைத்த கருவி ஒவ்வொன்றுக்கும் அதற்குரிய பொட்டு உண்டு. அந்த முறைப்படியே எங்கள் அலுவலகத்திலும் செய்தோம். முகப்பில் ஒரு பொட்டு வைத்தால் உள்ளே இருக்கிறவை பாவம் என்ன செய்தன? அட்டைகளை உருவி, ஒவ்வொன்றுக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்து, மீண்டும் செருகினோம். ஆண்டுதோறும் செய்தோம். சந்தனம் வழிந்து தொடுபற்களுக்கிடையே இறங்கியது. குங்குமத்தின் சுண்ணாம்போடு மலைநாட்டு ஈரமும் சேர்ந்து பச்சைக் களிம்பாயிற்று.

வாயில் நீரைச் சுமந்து வந்து இறைவன் மேல் உமிழ்ந்த வேடனின் கதை நமக்குத் தெரியும். மறுநாள் வந்து, மனம் பதைத்து அதைத் துடைத்தவரின் கதையும் தெரியும். இருவருமே அன்பர்கள். என் விதி, இருவரின் வேலையையும் நானே செய்ய வேண்டியதாயிற்று. ரப்பராலும் ஸ்பிரிட்டாலும் ஒவ்வொரு பல்லையும் துலக்கினேன். அட்டையின் மேல்விளிம்பிலும் முகப்பிலும் இருந்த பொட்டுகளைத் தொடவில்லை. அவை எந்த மின்னோட்டத்துக்கும் குறுக்கே நிற்கவில்லை. அடங்காத விளக்கு அடங்கியது.

கணினி ஓடுகிறது என்ற செய்தியையும் சந்தனக் கதையையும் கேட்டுத்தான் கொழும்புக்காரர் வந்தார். பழைய இயந்திரங்களைக் காட்சிக்கு வைக்கும் ஒரு நிலையத்துக்காகச் சேகரிப்பவர், தமிழர், நல்ல மனிதர். ஆளிகளைத் தொட்ட விரல்களிலேயே அவருடைய தேர்ச்சி தெரிந்தது. ஈரம் ஏறாத அறை, பாதுகாப்பு, பார்க்க வரும் பிள்ளைகள் என்று எல்லாவற்றையும் சொன்னார். என் வீட்டுக் கூரை ஒழுகுகிறது. எனக்கும் வயதாகிவிட்டது. எனக்குப் பின் இதைப் பழைய இரும்புக்காரர் எடைக்கு உடைப்பார் என்ற அச்சம்தான் சில ஆண்டுகளாக என் உறக்கத்தைக் கெடுத்தது. என் மனைவியும் முன்னறை தனக்குத் திரும்பிவிடும் என்று மகிழ்ந்திருந்தாள். கொடுக்கத்தான் நினைத்தேன். அந்த வேளையில்தான் துணி வெளியே வந்தது.

“இதைச் செய்த தொழிற்சாலையிலயிருந்து வந்த நேரம் எப்படி இருந்ததோ அப்படி வைக்கிறதுதான் எங்கட முறை, ஐயா,” என்றார். “கையேட்டு ஓரத்தில பென்சிலால தமிழில எழுதியிருக்கிறதையும் அழிச்சுப்போட்டுத்தான் வைப்பம்.”

“அது என்னா எழுத்துன்னு வாசிச்சீங்களா தம்பி?”

அவர் வாசித்தார். பனி இறங்கும் நாளில் முதலில் விசிறியை மட்டும் ஓடவிடு என்றிருந்தது.

“அதைச் செய்தவனுக்கு இந்த மலையில பனி இறங்குறது தெரியாது. எங்களுக்குத் தெரியும். அதையும் சேர்த்தாத்தான் அது முழுக் கையேடு.”

“அது சரி ஐயா. ஆனா இந்த அழுக்கு? உங்கட பக்திதானே இதைச் சாகடிச்சது?”

“சாகலீங்களே. ஓடுது, பாருங்க.”

தேநீரோடு வந்த என் மனைவி தட்டைக் கீழே வைத்தாள். “என்னா சொன்னீங்க? அழுக்கா? அது நான் அரைச்ச சந்தனம். வருசா வருசம் விடியக்காலம் எந்திரிச்சு அரைச்சுக் குடுத்தேன். டீயைக் குடிங்க. ஆறிப்போயிரும்.”

அவர் குடித்தார். துணியை மடித்தார். மேலிடத்தில் கேட்டுச் சொல்வதாகச் சொல்லிப் பேருந்துக்கு இறங்கினார். கேட்கவும் செய்தார், சில வாரங்களில் தொலைபேசியில் அழைத்தார். துடைக்காமல் ஏற்க அவர்கள் முறையில் இடமில்லையாம். அப்படியானால் என் வீட்டில் அதற்கு இடமுண்டு என்றேன்.

பிடிவாதம் என்று உறவினர் சொல்கிறார்கள். ஆம், பிடிவாதம்தான். தோட்டத்து மக்களான எங்களை ஏற்றுக்கொள்ள முன்வந்தவர்கள் எல்லாரும் முதலில் எங்களிடமிருந்து எதையேனும் துடைத்துவிட்டே ஏற்றுக்கொண்டார்கள். எங்கள் பேச்சை, எங்கள் ஊர்ப்பெயரை, எங்கள் சாமியை. தொழிற்சாலையிலிருந்து வந்த நிலை என்பது கப்பலில் பெட்டிக்குள் கிடந்த நிலை. உழைத்தது இங்கே. உழைத்த நிலையைத்தான் நான் காக்கிறேன். நாளை இரும்புக்காரரிடமே போனாலும் பொட்டோடு போகட்டும்.

எனினும் களிம்பு களிம்புதான். அடுத்த ஆயுத பூசைக்கு முன், வரைபடத் தாள்களின் அளவிலேயே ஒரு புதிய தாள் வெட்டி, மையால் கோடிழுத்து, கணினியின் முகப்பையும் அட்டையின் பக்கவாட்டையும் வரைந்தேன். சந்தனம் வைக்கத்தக்க இடங்களை வட்டமிட்டேன். தொடுபற்கள், விசிறியின் வாய், நினைவக அட்டையின் பின்புறம் ஆகியவற்றைக் கோடிட்டு விலக்கினேன். திருநீற்றை ஊதவோ தூவவோ கூடாது, பூசலாம் என்று கீழே எழுதினேன். பராமரிப்புக் கையேட்டில், விசிறியைத் துப்புரவாக்கும் பக்கத்துக்கும் விளக்குகளை மாற்றும் பக்கத்துக்கும் இடையே அதைத் துளையிட்டுச் சேர்த்தேன்.

பூசையன்று காலையில் என் மனைவி சந்தனக் கிண்ணத்தோடு வந்து நின்றாள்.

“எங்க வைக்கணும்?”

“புத்தகத்துல இருக்கு.”

“இத்தன வருசமா அரைக்கிறவளுக்குப் புத்தகமா?” என்று முணுமுணுத்தபடி மூக்குக்கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, தாளைப் பார்த்து, வட்டத்தின் நடுவே பழைய பொட்டின் மேலேயே புதிதாக வைத்தாள். நான் மின்சாரத்தை மெல்ல ஏற்றினேன்.