அம்மாவாணை மோதமாட்டன்

"மிகவும் எதிர்பார்க்கப்படும் மோதல்கள்" என்று என் கணவர் உரத்து வாசித்தார். ஜூலை மாதம், நோர்வேயின் புருசெத்தில் எங்கள் வீட்டு பல்கனி. அவருக்கு விடுமுறை, எனக்கு இல்லை. பேருந்து ஓட்டுநர் சீருடையோடு தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தேன். அமெரிக்கக் கல்லூரிகளின் ஃபுட்போல் பருவம் தொடங்குமுன்பே, எந்தெந்த ஆட்டங்களுக்காகச் சனம் காத்திருக்கிறது என்று அங்கே பட்டியல் போடுவார்களாம். அதை எனக்காகத் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தார் மனிதர். இடையில் எங்கள் மகன் படிக்கிற கல்லூரியின் பெயர் வந்தது.

"இஞ்சை பாரும், எங்கடை பெடியின்ரை மோதலும் வந்திட்டுது!"

அந்தச் சொல்லை ஒருவர் அவ்வளவு சந்தோஷமாகச் சொல்லி நான் கேட்டதேயில்லை. நான் வளர்ந்த காலத்தில் வானொலிச் செய்தியில் 'மோதல்' வந்தால் பின்னாலேயே 'பலி' வரும். இங்கே வந்து பேருந்து ஓட்டத் தொடங்கிய பிறகு, மோதல் என்றால் நொறுங்கிய கண்ணாடியும் அம்புலன்ஸ் சத்தமும். பனிக்காலத்தில் ஸ்டோவ்னர் ஏற்றத்தில் வண்டி வழுக்கும்போதுகூட ஒருவரோடும் மோதாமல் கொண்டுபோய் நிறுத்தியவள் நான். என் பிழைப்பே மோதாமல் இருப்பதுதான்.

"ஆர் எதிர்பார்க்கினம்? நான் எதிர்பார்க்கேல்லை" என்றேன்.

"உமக்கு விசர். அவன் உதைக்கிறவன். அவனை ஒருத்தரும் தொடமாட்டினம்."

இதைச் சொல்லிச் சொல்லியேதான் என் வாயை இவ்வளவு காலமும் அடைத்து வைத்திருந்தார். மகன் சின்னதில் புருசெத் மைதானத்தில் எல்லாப் பிள்ளைகளையும்போல உதைபந்தாட்டம்தான் ஆடினான். அவன் உதைத்தால் பந்து அடுத்த புளொக்கில் போய் விழும். பிறகு ஒரு தோழன் கூட்டிக்கொண்டுபோய் இந்தக் கோதாரியில் போன அமெரிக்க ஆட்டத்தில் சேர்த்துவிட்டான். பெயர்தான் ஃபுட்போல். ஆடுகிறவர்கள் பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள், எதிரே வருகிறவனை மாடு முட்டுவதுபோல முட்டி விழுத்துகிறார்கள். காலால் உதைப்பதற்கென்று அணியில் தனியாக ஒருவன். அந்த ஒருவன் என் மகன். அவன் உதைத்த காணொளிகளைப் பார்த்துவிட்டு ஒரு கல்லூரி புலமைப்பரிசில் கொடுத்துக் கூப்பிட்டது. போன வருடம் முழுக்க மாற்று ஆட்டக்காரனாக வாங்கில் குந்தியிருந்தான். அவன் குந்தியிருந்த அந்த வருடம் நான் நிம்மதியாக நித்திரை கொண்டேன்.

பட்டியலுக்குக் கீழே, அதே இரண்டு அணிகளும் போன வருடம் ஆடிய ஆட்டத்தின் காணொளி இருந்தது. "போடுங்கோ பாப்பம்" என்றேன். பச்சைச் சட்டை எங்கள் பக்கம். ஒருவன் பந்தை உதைத்து அனுப்பினான். எதிர்ப்பக்கத்தில் சிவப்புச் சட்டைக்காரன் ஒருவன் அதைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தான். பச்சைகள் எல்லோரும் அவனை மறிக்கப் பார்த்துத் தவறி விழுந்தார்கள். கடைசியில் அவனுக்கும் எல்லைக்கோட்டுக்கும் நடுவில் மிஞ்சியது பந்தை உதைத்த அந்தப் பெடியன்தான். சிவப்பு இடித்த இடியில் அவன் கால் மேலே, தலை கீழே. தூக்கிக்கொண்டு போனார்கள்.

"ஒருத்தரும் தொடமாட்டினம் எண்டு சொன்னியள்?"

"அது எப்பவாவது நடக்கிறது" என்றார், முகத்தைத் திருப்பிக்கொண்டு.

"அந்தப் பெடி இப்ப எங்கை?"

"தோள் முறிஞ்சு விளையாட்டை விட்டிட்டானாம்."

"அவன்ரை இடத்துக்கு இப்ப ஆர்?"

அவர் காணொளியை நிறுத்தினார். அதே இடம், அதே சிவப்புச் சட்டைகள், உதைக்கப்போவது என் பிள்ளை.

ஞாயிற்றுக்கிழமை மகன் வீடியோ அழைப்பில் வந்தபோது சுகம்கூட நான் விசாரிக்கவில்லை.

"உதைச்சுப்போட்டு ஓரமாய் நில். ஆரும் ஓடி வந்தால் விலத்திவிடு. விளங்குதோ?"

"அம்மா, அப்பிடி விலத்தேலாது. நான்தான் கடைசி ஆள்."

"கடைசி ஆளுமில்லை, முதல் ஆளுமில்லை. நீ எனக்கு ஒரே ஆள்."

அவன் சிரித்தான். "ஸ்லாப் ஆவ், அம்மா" என்று, பதறாதே என்பதை நோர்வே மொழியில் சொன்னான். பதறுகிறவளிடம் பதறாதே என்றால் என்ன ஆகும்? அழுதேன். சும்மா இல்லை, மூக்கு வடிய வடிய அழுதேன். கணவர் எழும்பிக் குசினிக்குள் போய்விட்டார்.

"அம்மாவாணை மோதமாட்டன் எண்டு சொல்லு" என்றேன்.

எங்கள் ஊரில் தாயின் தலையில் கை வைத்து இடுகிற ஆணையை லேசில் யாரும் இடமாட்டார்கள். முறித்தால் தாயின் தலை வெடிக்கும் என்பார்கள். சின்ன வயதில் அவன் சொக்கலேற்றைக் களவாய்ச் சாப்பிட்டால் இதைச் சொல்லித்தான் உண்மையைக் கறப்பேன். இப்போது ஆறடிக்கு வளர்ந்து தாடியும் வைத்திருந்தான். முகத்தில் இருந்த சிரிப்பு நின்றுபோனது. விரலைத் திரையில், என் தலை தெரிகிற இடத்தில் வைத்தான் போல, அவன் கை கமராவை மறைத்து என் பக்கம் ஒரு கணம் கறுத்தது.

"அம்மாவாணை ஒருத்தரோடையும் மோதமாட்டன்" என்றான்.

ஆணையை வாங்கிவிட்டேன், பயம் போனதா? அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். ஓகஸ்டில் பள்ளிக்கூடம் தொடங்க, புத்தகப்பையோடு பிள்ளைகள் வீதியோரம் நின்றாலே எனக்குக் கால் பிரேக்குக்குப் போனது. நிழலுக்கெல்லாம் நிறுத்தினேன். பின்னால் நின்ற பயணிகள் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து ஏசினார்கள். சந்திக்குள் இறங்கினால் தயங்காதே, நடுவில் நின்றால்தான் இடிபடுவாய் என்று புதிய ஓட்டுநர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறவளே நான்தான். கோயிலில் அர்ச்சனைக்குப் போனேன். ஐயர் நட்சத்திரம் கேட்டார். பெற்ற பிள்ளையின் நட்சத்திரம் வாயில் வரவில்லை. தட்டைப் பிடித்தபடி பேந்தப் பேந்த முழித்துக்கொண்டு நின்றேன். பின்னால் நின்ற கணவர்தான் சொன்னார்.

ஆட்டம் ஒரு சனிக்கிழமை. அங்கே மத்தியானம், இங்கே பின்னேரம். வெயில் சோபாவுக்கு வந்திருந்தது. மைதானம் நிறையச் சிவப்பு. அவ்வளவு சனமும் ஒன்றாகக் கத்த, நான் சத்தத்தைக் குறைத்தேன். முதல் பாதியில் மகன் உதைத்தான், ஓரமாய் வந்தான். மறுபடி உதைத்தான், ஓரமாய் வந்தான். "பார்த்தீரோ?" என்றார் கணவர். நான் மூச்சு விட்டேன்.

இரண்டாம் பாதி தொடங்க அவன் உதைத்த பந்தைச் சிவப்பு ஒன்று பிடித்தது. ஒரு பச்சை விழுந்தது. இன்னொன்று விழுந்தது. எனக்கு விளங்கிவிட்டது. ஏற்கெனவே பார்த்த படம்தானே.

"விலத்து! விலத்தடா!" என்று கத்தினேன்.

அவன் நின்றான். அந்த மைதானத்தில் எல்லோரும் ஓட, என் பிள்ளை மட்டும் ஒரு கணம் சிலை மாதிரி நின்றான். பிறகு குனிந்து முன்னால் பாய்ந்தான். சத்தம் தொலைக்காட்சியில் கேட்டதா, என் தலைக்குள் கேட்டதா தெரியாது. இரண்டு பேரும் விழுந்தார்கள். சிவப்பு எழும்பியது. பச்சை எழும்பவில்லை.

"ஐயோ, என்ரை பிள்ளை!" என்று தொலைக்காட்சியை இரண்டு கையாலும் பிடித்தேன். கணவரும் எழும்பி என் பக்கத்தில் வந்து நின்றார். அவனைச் சுற்றி ஆட்கள் குனிந்தார்கள். கண்ணுக்குள் வெளிச்சம் அடித்துப் பார்த்தார்கள். நெடுநேரத்துக்குப் பிறகு இரண்டு பேரின் தோளில் கை போட்டுக்கொண்டு நடந்து போனான். மிச்ச ஆட்டத்தில் அவன் இல்லை. அவன் அணி தோற்றது. அது எங்களுக்குப் பிறகுதான் தெரியும்.

கைபேசி அடித்தபோது நான் நிலத்தில் இருந்தேன். எடுத்தேன். அவன்தான் முதலில் கதைத்தான், சின்னப் பிள்ளையின் குரலில்.

"அம்மா, தலை இடிக்குதோ?"

"ஆருக்கு?"

"உங்களுக்கு. நான் ஆணையை முறிச்சுப்போட்டன்." அழுதான். "எனக்கு ஒண்டுமில்லை, டொக்டர் பார்த்திட்டார். உங்களுக்குத்தான் ஏதோ நடந்திட்டுது எண்டு பயந்திட்டன். நேரா ஓடியிருந்தால் அவனைப் பக்கத்தாலை பிடிச்சு விழுத்தியிருப்பன். நீங்கள் ஞாபகம் வந்தியள். அதுதான் நிண்டனான். நிண்டபடியால்தான் அவன் நேரா இடிச்சவன்."

கணவர் என் முகத்தைப் பார்த்தார். நடுவில் நின்றால்தான் இடிபடுவாய். மற்றவர்களின் பிள்ளைகளுக்கெல்லாம் சொன்னவள், என் பிள்ளையை நடுவில் நிறுத்திவைத்திருந்தேன். என் தலை உண்மையிலேயே வெடிக்கிறமாதிரித்தான் இடித்தது.

"இடிக்கேல்லை ராசா" என்றேன். "இப்ப கேள். அந்த ஆணையை நான் திருப்பி எடுத்திட்டன். இனி ஆரும் ஓடி வந்தால் நிக்கக் கூடாது."

"உங்கடை தலை?"

"என்ரை தலையை நான் பாக்கிறன்" என்றேன். பல் கிடுகிடு என்று அடித்தது. "நீ நிக்காமல் போய் மோது."