மேசைக்குள் ஓடாத ஆறு

பல் செட் செய்கிறவர் என்பதால் தெருவில் அவருக்குப் பல்காரர் என்றே பெயர். பகலெல்லாம் பல் மருத்துவமனையின் பின்னறையில் உட்கார்ந்து, முகம் தெரியாத வாய்களுக்குப் பல் செய்வார். மயிரிழை பிசகாமல் பொருந்தும். சாயங்காலம் வீட்டுக்கு வந்து, கார் இல்லாத கார் ஷெட்டில் மரவேலை பார்ப்பார். தினமும் பார்க்கிற சொந்த வீட்டுச் சுவருக்கு அவர் செய்த அலமாரி ஒன்றுகூடப் பொருந்தியதில்லை. பின்னறையில் அவருக்குப் பொறுமை உண்டு, ஆசை கிடையாது. ஷெட்டில் நிலைமை நேர் எதிர்.

அந்த ஆசைதான் கடைசியில் மேசையில் கை வைத்தது. இரண்டு பலகைகளுக்கு நடுவே ரெசின் என்னும் நீலப் பிசினை ஊற்றி இறுக வைத்து, மேசைக்குள் ஆறு ஓட விடும் வித்தையை யாரோ போன் வீடியோவில் செய்து காட்டியிருந்தார்கள். இவருக்கு உடனே இரண்டு பலகை வேண்டியிருந்தது. வீட்டில் இருந்ததோ ஒரு நல்ல மேசை. ரம்பத்தால் நட்டநடுவே அறுத்தால் இரண்டாகிவிடும் அல்லவா.

சாப்பாட்டு மேசை என்று பெயர்தான். அவர் மனைவி தையல் வேலை செய்கிறவர்; அதன்மேல் தட்டு வைத்ததைவிடத் துணி விரித்து வெட்டியதுதான் அதிகம்.

"எத்தனை நாளைக்குங்க? ஸ்கூல் யூனிஃபார்ம் ஆர்டர் வந்திருக்கு."

"சனிக்கிழமைக்குள்ள முடிஞ்சிடும். ஊத்தினா கல்லு மாதிரி ஆயிடும். நம்ம தொழிலே அதுதானே."

ஹார்டுவேர் கடை வைத்திருக்கும் மைத்துனன் ரெசின் டப்பாக்களை எடுத்துக் கொடுக்கும்போதே சொன்னான்: "அத்தான், டப்பால போட்டிருக்கிற அளவுல கலக்குங்க. மொத்தமா ஊத்தாதீங்க. கொஞ்சம் கொஞ்சமா ஊத்தி ஆற விடுங்க."

"ஏம்பா, நீ இதை விக்கிறவன். நான் இதுலயே பொழைக்கிறவன்."

அங்கேதான் வினை. பல் செட்டுக்குப் பொடியையும் திரவத்தையும் கண்ணளவில்தான் கலப்பார்; பதம் விரலுக்குத் தெரியும். அதே விரலை நம்பி இதையும் கலந்தார். சனிக்கிழமை போய்த் திங்கட்கிழமை வந்தும் ஆறு இறுகவில்லை. தொட்டால் கையை விடமாட்டேன் என்றது. இரண்டு கொசுவும் ஒரு விட்டில்பூச்சியும் அதற்குள் குடியேறியிருந்தன.

"ஈ பிடிக்கிற அட்டைன்னு சொல்லுங்க அத்தான், நானே கடையில வச்சு வித்துத் தரேன்" என்றான் மைத்துனன்.

பிசுபிசுப்பை உளியால் சுரண்டி எடுப்பதற்குள் பல்காரருக்கு அந்தப் பொருளின் மேல், அதைக் கண்டுபிடித்தவன் மேல், போன் மேல் எல்லாம் வெறுப்பு வந்துவிட்டது. தன் மேல் மட்டும் வரவில்லை.

கூடத்தில் மனைவி தரையில் மண்டியிட்டு, துணியைப் பல மடிப்பாக அடுக்கி வெட்டிக்கொண்டிருந்தார். முழங்கால் வழுக்கிக் கத்தரி தடம் விலகியது. ஒரு அடுக்குக் காலர் முழுக்கக் கோணலாகப் போயிற்று. திட்டினால் பதிலுக்கு ஏதாவது சொல்லலாம் என்று பல்காரர் வாசற்படியில் காத்து நின்றார். மனைவியோ துண்டுகளை ஓரமாக ஒதுக்கிவிட்டு, முழங்காலைத் தேய்த்துக்கொண்டு அடுத்த துணியை எடுத்தார்.

வராத அந்தத் திட்டைத் தாங்காமல்தான் பல்காரர் அவசரப்பட்டார். இந்தத் தடவை அளவுச் செம்பு வைத்து ஒழுங்காகத்தான் கலந்தார். ஆனால் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்ற நேரம் ஏது? மொத்தமாகக் கவிழ்த்தார். பல் செட்டைச் சூடு காட்டித்தான் இறுக வைப்பார்கள். எனவே பின்னறையிலிருந்து சூட்டு விளக்கையும் கொண்டுவந்து மேலே தொங்கவிட்டார். ரெசின் தானாகவே சூடேறும் சரக்கு என்பதை அது புகைந்த பிறகுதான் தெரிந்துகொண்டார். நீலம் பழுப்பானது. பிறகு ஷெட்டுக்குள் படார் என்று ஒரு சத்தம். கரைக்குக் கரை விரிசல்.

சத்தம் கேட்டு வந்த மனைவி, ஆற்றின்மேல் விரல் மடக்கித் தட்டிப் பார்த்தார்.

"கெட்டியா இருக்கே."

"கெட்டியாத்தான் இருக்கு. ஆனா நிறத்தைப் பாரு, விரிசலைப் பாரு. இதைப் பேத்தெடுத்துட்டு இன்னொரு தடவை..."

"ஆடுதா?"

"ஆடல."

"மேல போட்டு மூட பிளைவுட் இருக்கா?"

இருந்தது. அலமாரிக்கு வாங்கி, பொருந்தாமல் போனது.

"ஒரு ஜாண் மட்டும் மூடாம விடலாமே. பார்க்கிறதுக்கு" என்று பல்காரர் கேட்டுப் பார்த்தார்.

"அந்த ஜாண்ல துணி மாட்டிக் கிழிஞ்சா, அதையும் பார்த்துட்டே இருப்பீங்களா?"

பல்காரர் முனகிக்கொண்டே பிளைவுட்டை அளந்து அறுத்தார். துணி சிக்காதபடி ஓரங்களை இழைத்தார், திருகுகளைத் தலை தெரியாமல் உள்ளிறக்கினார், மேலே மெழுகு தேய்த்தார். ரசமட்டத்தை வைத்தால் குமிழி நட்டநடுவில் வந்து நின்றது. அவர் ஷெட்டில் அப்படி ஒரு வேலை நடந்ததே இல்லை. ஆறு அடியில் கிடந்தது.

"அத்தான், நிஜமாவே நல்லா வந்திருக்கு" என்றான் மேசையைத் தூக்கி வைக்க வந்த மைத்துனன். கிண்டல் இல்லாமல் சொன்னான், அதுதான் பல்காரருக்குப் பொறுக்கவில்லை.

மனைவி அதற்குள் துணியை விரித்துவிட்டார். நிமிர்ந்து நின்றபடி கத்தரியை ஒரே ஓட்டமாக ஓட்டிப் பார்த்தார்.

"ஏங்க, இதையே முதல்லயே செஞ்சிருக்கலாமே."

"முதல்ல மேசை நல்லாத்தானே இருந்துச்சு" என்று வெடுக்கென்று சொல்ல வாயெடுத்த பல்காரர், அது தன் கட்சிப் பேச்சே இல்லை என்று கண்டு, குனிந்து துணியின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டார்.