மெஸ்ஸில் பரிமாறிய கர்னல்

எழுபதுகளின் கடைசியில், தில்லி வெயில் ஆளை வறுத்தெடுக்கும் ஒரு ஜூன் மாதத்தில் நடந்தது இது. அப்போது நாங்கள் சரோஜினி நகர் அரசுக் குடியிருப்பில் இருந்தோம். அப்பாவுக்கு ஒரு அமைச்சகத்தில் குமாஸ்தா வேலை. நான் பள்ளிப் படிப்பை முடித்திருந்தேன். தில்லியிலேயே ஒரு பொறியியல் கல்லூரியில் இடமும் கிடைத்துவிட்டது. கட்டணத்துக்குத்தான் வழியில்லை.

வழி இல்லாமலும் இல்லை, பாதி வழி இருந்தது. கல்லூரியில் படிக்கும்போதே ராணுவ அதிகாரிப் பயிற்சிக்குச் சேர்ந்தால், கட்டணத்தில் பாதியை உதவித்தொகையாகக் கொடுப்பார்கள். படிப்பு முடிந்ததும் சில வருடங்கள் ராணுவத்தில் வேலை பார்க்க வேண்டும். மீதிப் பாதிக்கு அப்பா ஏற்கெனவே ஏற்பாடு செய்ய ஆரம்பித்திருந்தார். ஆபீஸ் விட்டு வந்ததும் ஒரு டம்ளர் காபியைக் குடித்துவிட்டு, பக்கத்து பிளாக்கில் இருந்த வக்கீல் ஒருவருக்கு டைப் அடித்துக் கொடுக்கப் போவார். அந்த உதவித்தொகை கிடைக்காவிட்டால் எனக்குப் பொறியியல் கிடையாது. சாயங்காலக் கல்லூரியில் பி.காம். சேர்ந்து, பகலில் ஷார்ட்ஹேண்ட் பழகி, அப்பா மாதிரியே ஒரு அமைச்சகத்துக்குள் நுழைய வேண்டியதுதான். அதில் தவறு ஒன்றும் இல்லை. ஆனால் ரேடியோவைப் பிரித்துப் போட்டு அம்மாவிடம் திட்டு வாங்கிய கை எனக்கு. டைப்ரைட்டர் கொடுத்தாலும் அதைப் பிரித்துத்தான் பார்த்திருப்பேன்.

உதவித்தொகைக்கான தேர்வு முகாம் தில்லி கன்டோன்மென்ட்டில் நடந்தது. அங்கேயே சில நாட்கள் தங்க வேண்டும். கயிறு ஏறச் சொல்வார்கள், படம் காட்டிக் கதை எழுதச் சொல்வார்கள், கடைசியில் நேர்முகத் தேர்வு. கிளம்பும்போது அப்பா பஸ் நிறுத்தம் வரை வந்தார்.

"அங்க போயி நம்ம வீட்டுப் பஞ்சப் பாட்டையெல்லாம் பாடிக்கிட்டு நிக்காதலே. நாட்டுக்குச் சேவை செய்ய வந்தேன்னு சொல்லு. என்ன, வெளங்குதா?" என்றார். அப்பாவுக்குத் திருநெல்வேலியை விட்டு வந்து இருபது வருடம் ஆகியும் பேச்சு மட்டும் தாமிரபரணிக் கரையிலேயே இருந்தது. நான் தலையாட்டினேன். அவர் எதற்குக் கூசுகிறார் என்று எனக்குப் புரிந்தது. மகனைப் படிக்கவைக்க முடியவில்லை என்று முன்பின் தெரியாத அதிகாரிகள் நினைத்துவிடக் கூடாது, அவ்வளவுதான்.

அப்பா சொன்னதைவிட என் மண்டையில் அதிகம் ஏறியிருந்தது இன்னொருவர் சொன்னது. எங்கள் பிளாக்கிலேயே கோயம்புத்தூர்க் குடும்பத்து அண்ணன் ஒருவர் இருந்தார். இதே மாதிரி முகாமுக்கு இரண்டு தடவை போய் இரண்டு தடவையும் திரும்பி வந்தவர். அதனாலேயே எங்கள் காலனியில் இந்த விஷயத்தில் அவர்தான் நிபுணர். பால் பூத் வரிசையில் நின்றபடி எனக்கு உபதேசம் செய்தார்.

"தம்பி, பரீட்சையெல்லாம் சும்மா பேருக்குங்க. அசல் பரீட்சை வெளிய நடக்குது. தோட்டத்துல தண்ணி பாய்ச்சறானே, அவன் மேஜர். மெஸ்ஸுல சோறு போடறானே, அவன் கர்னல். வேசம் போட்டுட்டு நம்மளையே பாத்துட்டு இருப்பாங்க. அங்க ஒருத்தரையும் சாதாரண ஆளுன்னு நெனச்சுப்போடாத, அவ்ளோதான்!"

இதைக் கேட்டதும் எனக்குப் பயம் வந்திருக்க வேண்டும். எனக்கு வந்தது ஆர்வம். எப்படிக் கண்டுபிடிப்பது? கர்னல் ஒருவர் பருப்பு வாளியைத் தூக்கினால் எப்படித் தூக்குவார்? முகாமுக்குள் நுழைந்ததுமே பரீட்சையை மறந்துவிட்டு நான் கர்னலைத் தேட ஆரம்பித்துவிட்டேன்.

வந்திருந்த மற்ற பையன்களுக்கும் அவரவர் ஊரில் ஒரு நிபுணர் இருந்திருக்கிறார் போல. எல்லோருக்கும் இந்தக் கதை தெரிந்திருந்தது. மீரட்டிலிருந்து வந்த ஒருவன் தோட்டக்காரர் கையிலிருந்த ரப்பர் குழாயைப் பிடுங்கித் தானே செடிகளுக்குத் தண்ணீர் விட்டான். அவர் பாவம், வேலை போய்விடுமோ என்று குழாயின் மறுமுனையை விடாமல் பிடித்துக்கொண்டு நின்றார். பக்கத்துக் கட்டிலில் இருந்த பஞ்சாபிப் பையன் துணி வெளுப்பவரைப் பார்த்தால்கூட விறைத்து நிற்பான். மெஸ்ஸில் ரொட்டி போட்டால் ஒரு ரொட்டிக்கு ஒரு 'தேங்க் யூ சார்' விழும். பரிமாறுகிறவர்கள் சலிப்போடு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள்.

என் கண்ணில் ஒருவர் சிக்கினார். ஐம்பது வயதிருக்கும். நிமிர்ந்த முதுகு, முள்ளு முள்ளாக நரைத்த தலைமுடி, கத்தரித்துவிட்ட மீசை, முகம் பார்க்கலாம் போல் பளபளக்கும் ஷூ. பருப்பு வாளியோடு மேசைக்கு மேசை அவர் வந்த தோரணையே வேறு. இவர்தான் என்று எனக்குள் மணி அடித்தது. சந்தேகம் இருந்தாலும் அன்று மத்தியானமே தீர்ந்துவிட்டது. என் தட்டை எட்டிப் பார்த்தவர், குனிந்து மெதுவாக, "இன்னா தம்பி, ரொட்டி எறங்கலியா? சோறு இருக்கு, கொண்டாரட்டுமா?" என்றார்.

தமிழ்! வட ஆற்காட்டுத் தமிழ்! என் மனுவில் தாய்மொழி தமிழ் என்று எழுதியிருந்தேன். அதைப் பார்த்து எனக்கென்றே தமிழ் பேசும் கர்னலை அனுப்பியிருக்கிறார்கள். ராணுவம் என்றால் சும்மாவா என்று வியந்துபோனேன்.

அன்றிலிருந்து ஒவ்வொரு வேளைச் சாப்பாடும் எனக்கு நேர்முகத் தேர்வுதான். அவர் சோறு போட்டுக்கொண்டே ஏதாவது கேட்பார். வெயில் எப்படி இருக்கிறது என்பார். எல்லையில் நிற்கும் வீரர்களை நினைத்தால் இது ஒரு வெயிலா என்பேன். கயிறு ஏறியதில் கை எரிகிறதா என்பார். நாட்டுக்காக எரிகிற கை பாக்கியம் செய்த கை என்பேன். இப்போது நினைத்தால் எனக்கே உடம்பு கூசுகிறது. அவர் ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, "பருப்பு ஊத்தட்டா?" என்று கேட்டு நகர்ந்துவிடுவார். அந்தப் பார்வையைக்கூட நான் மதிப்பெண் போடுகிற பார்வை என்றே எடுத்துக்கொண்டேன். மற்ற பையன்களுக்கு என்மேல் பொறாமை. கர்னலோடு தனிப் பாஷையில் பேச யாருக்குக் கொடுத்துவைத்திருக்கிறது?

நேர்முகத் தேர்வு அன்று காலை மெஸ்ஸுக்கு நான் கொஞ்சம் தாமதமாகப் போனேன். பையன்கள் சாப்பிட்டுப் போயிருந்தார்கள். அவர் மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தார். எனக்குத் தட்டு வைத்துவிட்டு எதிரிலேயே நின்றார். துணியைத் தோளில் போட்டுக்கொண்டு நிதானமாகக் கேட்டார்:

"ஏம்பா, இங்க வர்றவன்லாம் நாட்டுக்கு நாட்டுக்குன்றான். நீ நெஜத்த சொல்லு. பீஸுக்குத்தானே வந்த?"

வாயில் வைத்த ரொட்டி அப்படியே நின்றது. இதுதான் அசல் கேள்வி என்று புரிந்துவிட்டது. இல்லை என்றால் பொய். இத்தனை நாளாக என்னைக் கவனித்த கர்னலுக்கு அது தெரியாமலா இருக்கும்? ஆமாம் என்றால், பணத்துக்காக வந்தவன் என்று கதவைச் சாத்திவிடுவார்கள். அதோடு அப்பா பஸ் நிறுத்தத்தில் சொன்னதும் காதில் ஒலித்தது. கல்லூரி, பி.காம்., ஷார்ட்ஹேண்ட் எல்லாம் அந்த ஒரு நிமிடத்தில் கண்முன் வந்து போயின. அவர் முகத்தைப் பார்த்தேன். அதில் கோபமோ தந்திரமோ எதுவும் இல்லை. தெரிந்துகொள்ளலாமே என்று கேட்கும் முகம்தான்.

"ஆமாங்கய்யா. பாதி பீஸுக்குத்தான் வந்தேன். இது கெடைக்கலன்னா நான் காலேஜுக்குப் போக முடியாது" என்றேன்.

"அத சொல்றதுக்கு இன்னாத்துக்கு இந்த முழி முழிக்கற? சாப்டு, ஆறிடப் போவுது" என்று சொல்லிவிட்டுத் தட்டுகளை அடுக்கப் போய்விட்டார்.

சாப்பாடு இறங்கவில்லை. எல்லாம் முடிந்தது என்றுதான் நினைத்தேன். ஆனால் விசித்திரம் என்னவென்றால், நேர்முகத் தேர்வு நடந்த கட்டடத்துக்கு நடந்து போகும்போது என் மனம் லேசாக இருந்தது. உண்மை உள்ளே போய்ச் சேர்ந்துவிட்டது. இனி நடிக்க வேண்டியதில்லை, நடித்தாலும் பயனில்லை.

உள்ளே நீளமான மேசைக்குப் பின்னால் மூன்று அதிகாரிகள். நடுவில் இருந்தவர் ஒல்லியாக, மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு, வங்கி மேனேஜர் போல இருந்தார். கொஞ்ச நேரம் படிப்பைப் பற்றி விசாரித்துவிட்டு, ராணுவத்துக்கு ஏன் வர விரும்புகிறாய் என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

நான் மனப்பாடம் செய்துவைத்திருந்த பதில் ஒன்று இருந்தது. அதை எடுக்கவே இல்லை. கட்டணத்துக்காகத்தான் சார் என்றேன். பாதியை என் அப்பா கட்டுகிறார், அதற்காக ஆபீஸுக்குப் பிறகும் வேலை பார்க்கிறார், மீதிப் பாதிக்கு வழியில்லை என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். "இதெல்லாம் உங்களுக்குத் தெரிந்திருக்குமே சார், இன்று காலையில்தான் கர்னலிடம் சொன்னேன்" என்றும் சேர்த்தேன்.

மூன்று பேரும் நிமிர்ந்தார்கள். "எந்தக் கர்னல்?" என்று கேட்டார் நடுவில் இருந்தவர்.

"மெஸ்ஸில் பரிமாறுகிறாரே சார், அவர்."

அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர் கர்னல் இல்லை என்று அந்த நிமிடம்தான் எனக்கு உறைத்தது. ஓரத்தில் இருந்த அதிகாரி முதலில் சிரிப்பை அடக்கப் பார்த்து இருமினார். அடுத்து மற்றவர். கடைசியில் நடுவில் இருந்தவரே கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். பூமி பிளந்து என்னை விழுங்கிக்கொள்ளாதா என்று நான் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தேன். காது இரண்டும் கொதித்தன.

சிரித்து முடித்ததும் அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கேட்டார். சரி, கட்டணம் கிடைத்துவிட்டது என்றே வைத்துக்கொள், அப்புறம் எங்களோடு மனம் ஒத்து வேலை செய்வாயா? எனக்கு இனி இழக்க என்ன இருக்கிறது? தெரியாது சார், இதற்கு முன்னால் ராணுவத்தை நான் பக்கத்தில் பார்த்ததில்லை, இந்த நாட்களில் பார்த்ததெல்லாம் புதிதாக இருக்கிறது, இன்னும் பார்க்க ஆசையாக இருக்கிறது என்றேன். நீ போகலாம் என்றார் அவர்.

அன்று பிற்பகல் எல்லோரையும் ஒரு ஹாலில் உட்காரவைத்து, தேறியவர்களின் எண்களைப் படித்தார்கள். நெஞ்சில் கட்டியிருந்த துணியில் இருந்த என் எண்ணைப் படித்தபோது நான் எழுந்திருக்கவில்லை. பஞ்சாபிப் பையன்தான் என் முதுகில் ஓங்கி ஒன்று வைத்து எழுப்பினான். அவன் எண் வரவில்லை. அப்படியும் என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டான்.

பெட்டியை எடுத்துக்கொண்டு நேராக மெஸ்ஸுக்குப் போனேன். எனக்கு முன்னால் செய்தி அங்கே போயிருந்தது. சமையல்காரர்கள் கரண்டியோடு வாசலுக்கு வந்து வேடிக்கை பார்த்தார்கள். அவர் உள்ளேயிருந்து வந்தார்.

"வாப்பா! என்னைய கர்னல் ஆக்கிட்டியாமே! காலைலேர்ந்து ஒரு பயலும் என்னை வேலை செய்ய விடல. சலாம் அடிச்சே சாவடிக்கறானுங்க" என்றார். கோபம் இல்லை. பிறகு கொஞ்சம் குரலைத் தாழ்த்தி, "ஆமா, என் மூஞ்சில இன்னா இருக்குதுன்னு கர்னல்னு நெனச்ச?" என்று கேட்டார். அவருக்கு உண்மையாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்று இருந்தது.

"மீசைங்கய்யா" என்றேன். மீசையை இரண்டு விரலால் நீவிப் பார்த்துக்கொண்டார். அந்தச் சந்தோஷத்தை நான் வேறு எந்த முகத்திலும் பார்த்ததில்லை. பீஸுக்குத்தானே வந்தாய் என்று காலையில் ஏன் கேட்டீர்கள் என்று நானும் கேட்டேன். "தமிழ்ல பேசலாம்னு பாத்தா நீ மீட்டிங்குல பேசற மாதிரியே பேசினு இருந்த. ஒரு வார்த்தையாவது மனுசன் மாதிரி பேச மாட்டியான்னுதான் கேட்டேன்" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அப்பா வக்கீல் வீட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். செருப்பை மாட்டியவர் கழற்றிவிட்டு உட்கார்ந்தார். என்ன கேட்டார்கள், என்ன சொன்னாய் என்றார். நாட்டுக்குச் சேவை என்று சொன்னேன் என்று முடித்துவிடலாம். அவரும் நிம்மதியாக டைப் அடிக்கப் போவார். ஆனால் நடந்ததை நடந்தபடியே சொன்னேன். கர்னல் கதைக்கு அம்மா சிரித்தாள். அப்பா சிரிக்கவில்லை. பீஸுக்காக வந்தேன் என்று சொன்ன இடத்திலேயே அவர் முகம் சுண்டிவிட்டது.

தரையைப் பார்த்தபடியே அப்பா கேட்டார்: "பாதிய எங்கப்பா கெட்டுதாருன்னு சொன்னியாலே?"

"சொன்னேம்ப்பா. பீஸுன்னதுமே அதத்தான் சொன்னேன்."

"சொன்னேல்லா? அப்பம் சரி" என்றார். எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு வழக்கம்போல் டைப் அடிக்கப் போனார். படி இறங்கும்போது எதிர்வீட்டுக்காரரிடம் அவர் உரக்கப் பேசும் சத்தம் கேட்டது. மகனுக்குப் பாதியை கவர்மென்ட் கட்டுகிறது, பாதியை நான் கட்டுகிறேன் என்று இந்தியில் சொல்லிக்கொண்டிருந்தார்.

அப்புறம் நான் படித்தேன், ராணுவத்தில் சேர்ந்து சில வருடங்கள் வேலை பார்த்தேன், வெளியே வந்தேன். நான் எதனால் தேர்வானேன், உண்மையைச் சொன்னதாலா, அவர்களை அப்படிச் சிரிக்கவைத்ததாலா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஒன்று மட்டும் தெரியும். அன்று அந்த மேசைக்கு முன்னால் எனக்கு உண்மையைச் சொல்லும் தைரியமெல்லாம் இருக்கவில்லை, எல்லாம் அவர்களுக்கு முன்பே தெரிந்துவிட்டது என்ற தப்பான நம்பிக்கைதான் இருந்தது. இப்போதும் சொல்லக் கூசும் உண்மை ஒன்றை யாரிடமாவது சொல்ல நேர்ந்தால், அது அவருக்கு முன்பே தெரியும் என்று நினைத்துக்கொண்டுதான் வாயைத் திறக்கிறேன், பெரும்பாலும் தெரிந்துதான் இருக்கிறது.