பானைக்குள் இருந்த மணிகள்

அருங்காட்சியகக் கண்ணாடிக்குள் வெள்ளைக் கோடிட்ட சிவப்புக் கல்மணிகளைப் பார்த்ததும், விதவையான என் அத்தையின் கழுத்து நினைவுக்கு வந்தது.

எனக்கு அப்போது எட்டு வயது. மல்லசமுத்திரத்தில் எங்கள் சோளக்காட்டில் புதைந்திருந்த பழம்பானையிலிருந்து அத்தை அந்த மணிகளை எடுத்துக் கோத்து அணிந்துகொண்டாள்.

"ஏனுங்க, உங்க தங்கச்சிக்கு இத ஆரு குடுத்தாங்கன்னு கேளுங்க," என்றாள் அம்மா.

"மண்ணுக்குள்ள கெடந்துச்சுங்கண்ணா."

அப்பா நம்பவில்லை. கூட இருந்த நானும் அதையே சொன்னதற்கு, "அவ சொல்லிக் குடுத்திருப்பா," என்றார்.

மறுநாள் அத்தை அப்பாவையே அங்கே தோண்டச் சொன்னாள். இன்னொரு பானை வந்தது. உள்ளே எலும்புகளும் அதேபோன்ற மணிகளும் இருந்தன.

அம்மாவின் சந்தேகம் அப்போதும் தீரவில்லை. "பொணத்து நகைய எதுக்குப் போட்ட? என்ன பண்ணப் பாக்கற?"

"பானைக்குள்ள கெடந்தவளும் ஆசப்பட்டுத்தானுங்க அண்ணி போட்டிருப்பா," என்றாள் அத்தை.

சாகும்வரை அவள் அதைக் கழற்றவில்லை.