நகரி கடையில் நான் திறந்துவிட்ட போர்ட்

போன வாரத்துக்கு முந்தின வாரம், கம்ப்யூட்டர் ரிப்பேர்காரனான நான் திருப்பதியிலிருந்து அடித்துப் பிடித்து நகரிக்கு ஓடினேன். பவர்லூம்காரர்களுக்குச் சேலை டிசைன் போட்டுத் தரும் விஜயாவின் கடையில் கம்ப்யூட்டர் முடங்கிவிட்டது. ஆறு வருஷ டிசைன்கள்... ஒரு ஃபைலும் திறக்கவில்லை. எவனோ உள்ளே புகுந்து எல்லாவற்றையும் பூட்டிவிட்டுப் போயிருந்தான்.

நான் போய்ச் சேர்ந்தபோது விஜயா, டிசைனர் குணாவைக் காய்ச்சிக்கொண்டிருந்தாள்.

“பென் டிரைவ செருகிக்கினு பாட்டு கேட்டது நீதானே? வைரஸ் வராம இன்னா வரும்? இனிமே கடைப்பக்கம் வராத!”

“சத்தியமா நான் இல்லக்கா...”

கண் கலங்க, டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு போய்விட்டான். பாவம், ஐந்து வருஷமாக அங்கே உட்கார்ந்து வரைந்தவன்.

நான் கறுப்புத் திரையைத் திறந்து ‘நெட்ஸ்டாட்’ என்று தட்டினேன். கம்ப்யூட்டருக்குள் வர எந்தெந்த வாசல் — அதுதான் போர்ட் — திறந்திருக்கிறது என்று வரிசையாகக் காட்டும். தூரத்திலிருந்தே கம்ப்யூட்டரை இயக்குவதற்கான வாசல் 3389 திறந்திருந்தது. என் லேப்டாப்பில் செல்போன் நெட்டைப் போட்டு, வெளியாள் மாதிரியும் சோதித்தேன். அடக் கடவுளே... ஊருக்கே திறந்து கிடந்தது!

திறந்தது யார்? சாட்சாத் நான்தான்! போன சித்திரை வெயிலில் பஸ் ஏறச் சோம்பல். வீட்டிலிருந்தே ரிப்பேர் பார்க்கலாமென்று, “ரெண்டே நாள், அப்புறம் மூடிடறேன்” என்று ரவுட்டரில் திறந்துவிட்டேன். மறந்தும் போனேன். பாஸ்வேர்டு? கடைப் பெயரும் ஒன்று, இரண்டு, மூன்றும். அதுவும் என் கைங்கர்யம்தான்.

“இன்னாண்ணா தெரியுது?” என்றாள் விஜயா.

“ஒண்ணுமில்லம்மா... பாத்துக்கினு இருக்கேன்.”

ஏன் அப்படிச் சொன்னேன்? இருபது வருஷமாக ‘கம்ப்யூட்டர் அண்ணா’ என்று பெயர். அது போய்விடுமே என்ற பயம், வேறென்ன? சத்தமில்லாமல் போர்ட்டை மூடினேன். மாதம் ஒரு முறை அந்தக் கட்டளையைத் தட்டியிருந்தால் போதும்... அரை நிமிஷ வேலை. டிசைன்கள் திரும்பி வரவேயில்லை.

மூன்று நாள் சோறு இறங்கவில்லை. நாலாம் நாள் விஜயாவிடம் போய் எல்லாவற்றையும் கொட்டினேன். அவள் திட்டவில்லை. குணாவுக்கு போன் போட்டு என்னிடம் நீட்டினாள். அவன் அதற்குள் ஸ்ரீ சிட்டியில் ஒரு ஃபேக்டரியில் சேர்ந்திருந்தான்.

“மன்னிச்சிடுப்பா குணா. போர்ட்ட மூட மறந்தது நான்தான். அன்னிக்கே எனக்குத் தெரிஞ்சிடுச்சு...”

குணா ஃபேக்டரி இரைச்சலை விட்டு வெளியே வந்து பேசினான்.

“போர்ட்ட மறந்துட்டீங்க, சரிண்ணா. எல்லாரும் மறக்கறதுதான். தெரிஞ்சிக்கினே மூணு நாள் எதுக்குண்ணா சும்மா இருந்தீங்க?”

போனை விஜயாவிடமே திருப்பிக் கொடுத்துவிட்டேன்.