அக்காவுக்கும் டைகருக்கும் ஒரே மாத்திரை

அந்த மாத்திரை அட்டையைக் கையில் எடுத்தபோது அக்காவின் முகம் மாறியது இன்னும் என் கண்ணில் நிற்கிறது. 2004ஆம் வருஷத்துக் கோடை. புதுச்சேரியில் ஒரு கால்நடை மருத்துவரின் அறை. மேசைக்குக் கீழே சிமெண்டுத் தரையில் எங்கள் நாய் டைகர் களைத்துப் படுத்திருந்தான். டாக்டர் இழுப்பறையிலிருந்து ஓர் அட்டையை எடுத்து மேசைமேல் போட்டு, வைத்தியம் செய்வதென்றால் இதைக் காலையும் மாலையும் ஆயுள் முழுக்கக் கொடுக்க வேண்டியிருக்கும் என்றார். அக்கா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு, பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்த எங்கள் தாய்மாமாவின் பக்கம் திரும்பாமலே டாக்டரிடம் சொன்னாள்.

"இது நான் சாப்பிடுற மாத்திரைங்க."

மாமா எழுந்து நின்றுவிட்டார். எங்கள் வீட்டில் யாரும் வெளியாரிடம் அதுவரை சொல்லாத ஒன்றை அக்கா சொல்லிவிட்டாள். வெளியாரிடம் என்ன, வீட்டுக்குள்ளேயே வலிப்பு என்ற சொல் கிடையாது. 'அது' என்போம். 'அது வந்துச்சா' என்று அம்மா கேட்பாள். பத்து வயதில் பள்ளிக்கூடத்துப் பிரார்த்தனை வரிசையில் அக்கா முதன்முதலாக விழுந்தபோது, அப்பாதான் அவளைப் புதுச்சேரி பெரியாஸ்பத்திரிக்கு அழைத்துப் போய் மாத்திரைக்கு வழி செய்தார். அப்பா போன பிறகு, எங்கள் ஊர் மரக்காணத்தில் அவர் குத்தகைக்கு எடுத்திருந்த உப்பளத்தோடு எங்களையும் சேர்த்து அம்மாவின் தம்பி பொறுப்பெடுத்துக்கொண்டார். மாத்திரை அட்டை பருப்பு டப்பாவுக்குப் பின்னால் போனது. பி.ஏ. படித்தவர், கூட்டங்களில் பேசுகிறவர், ஊரில் நாலு பேர் வந்து யோசனை கேட்கிற மனிதர் எங்கள் மாமா. அவர்தான் மாப்பிள்ளை வீட்டில் ஒன்றும் சொல்லாமல் அக்காவைத் திண்டிவனம் பக்கத்தில் கட்டிக் கொடுத்தார். அங்கே யாருக்கும் தெரியாமல் மாத்திரையை முழுங்கிக்கொள் என்று சொல்லி அனுப்பினார். கூட்டுக் குடும்பம், எந்நேரமும் பக்கத்தில் ஆள். ஒளித்துச் சாப்பிடுகிற மாத்திரை எத்தனை நாளைக்கு ஒழுங்காக உள்ளே போகும்? சில மாதங்களில் அடுப்பங்கரையில் விழுந்தாள். கையில் இரும்புச் சாவியைத் திணித்தார்களாம். மறுநாளே பெட்டியோடு கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனார்கள். அன்று மாமா கோபப்பட்டது அவர்கள்மீது அல்ல, அக்காமீது. ஒழுங்காக மாத்திரை சாப்பிட்டிருந்தால் இந்த அவமானம் வந்திருக்குமா என்று கேட்டார். ஒளித்து வைக்கச் சொன்ன வாய்தான் அதையும் கேட்டது.

திரும்பி வந்த அக்கா வாசலுக்கே வரமாட்டாள். அவளை வெளியே கொண்டுவந்தவன் டைகர்தான். உப்பளத்தில் மழைக்காலத்துக்காகக் கீற்று வேய்ந்து மூடி வைத்திருக்கிற உப்புக் குவியல்களுக்கு நடுவே பிறந்து, யார் பின்னாலேயோ நடந்து எங்கள் தெருவுக்கு வந்த செவலை நாய். அக்கா வைத்த சோற்றைத் தின்றுவிட்டு அங்கேயே தங்கிவிட்டான். ஒரு வருஷம் நன்றாகத்தான் இருந்தான். ஒரு நாள் காலை, தெருவிளக்குக் கம்பத்தடியில் சாய்ந்து விழுந்து, கால் நாலும் விறைத்து வெட்டி வெட்டி இழுத்தது. வாயெல்லாம் நுரை. வெறி பிடித்துவிட்டது என்று யாரோ கத்த, உப்பளத்துக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்த ஆட்கள் தடியோடு ஓடிவந்தார்கள். அவர்களை நான் குற்றம் சொல்ல மாட்டேன். பிள்ளைகள் விளையாடுகிற தெரு, பயப்படத்தான் செய்வார்கள். அக்கா வீட்டுக்குள்ளிருந்து வந்து அவனுக்கும் அவர்களுக்கும் நடுவே நின்றாள். இது வெறி இல்லை, கொஞ்ச நேரத்தில் தானாக அடங்கும், யாரும் தொடாதீர்கள் என்றாள். சொன்ன மாதிரியே அடங்கியது. தடியைக் கீழே போட்டுவிட்டு அவர்கள் வேலைக்குப் போய்விட்டார்கள். அவ்வளவு சுலபமாக அவர்களுக்குப் புரிந்தது.

புரியாதவர் மாமாதான். ஒரே வீட்டில் இரண்டு பேர் விழுந்தால் ஊர் என்ன பேசும் என்பதுதான் அவருடைய கவலை. டாக்டரிடம் நாயைக் காட்டலாம் என்று அவரே கூட வந்ததும், ஊசி போட்டு முடித்துவிட்டுத் திரும்பலாம் என்று சொல்லித்தான். டாக்டரும் முதலில் அப்படித்தான் பேசினார். மருந்து தினமும் தவறக்கூடாது, நாளாவட்டத்தில் ஈரல் கெடலாம், இவ்வளவு செய்தும் வலிப்பு முழுக்க நிற்கும் என்று சொல்ல முடியாது, தெரு நாய்க்கு இத்தனை சிரமம் தேவையா, பல பேர் ஊசி போட்டுவிடச் சொல்வார்கள் என்றார். அக்கா அந்த அட்டையைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள்.

"என்னைப் பார்த்த டாக்டரும் இதேதாங்க சொன்னாரு. தெனம் தவறக்கூடாது, ஈரலைப் பார்த்துக்கணும், முழுசா நிக்காதுன்னு. ஆனா ஊசி போட்டுடலாம்னு சொல்லலைங்க."

 டாக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, எவ்வளவு, எப்போது, எதைக் கவனிக்க வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். அந்த மனிதர்மீது எனக்குக் கோபம் இல்லை. தன் வாயிலிருந்து வந்தது இன்னொருவர் காதில் எப்படி விழுந்தது என்று யோசிக்கத் தெரிந்தவர். திரும்பி வருகிற பஸ்ஸில் மாமா நாயைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. "அந்தாளு கிட்டப் போயி ஏன் சொன்ன?" என்பதையே பெரிய முதலியார்சாவடி தாண்டியதிலிருந்து மரக்காணம் வரைக்கும் கேட்டுக்கொண்டு வந்தார்.

மருந்து ஆரம்பித்ததும் டைகர் பின்னங்கால் தள்ளாடி, சுவரில் சாய்ந்து நடந்தான். பாவம், இப்படி வாழ்வதற்குச் சாகலாம் என்றாள் அம்மா. இந்த மந்தம் எனக்குத் தெரியும், கொஞ்ச நாளில் போய்விடும் என்றாள் அக்கா. போனது. போகாதது தாகம். அந்த மாத்திரை நாய்க்குத் தீராத தாகம் கொடுக்கும் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். எங்கள் பக்கத்தில் நல்ல தண்ணீர் என்பது குழாயடியில் காத்து நின்று குடத்தில் கொண்டுவருவது. சுற்றிலும் இருப்பதோ உப்பளத்துப் பாத்திகள். தாகம் தாங்காமல் பாத்தித் தண்ணீரைக் குடித்துவிட்டால் அந்த உப்பே அவனை மறுபடி விழ வைத்துவிடும். அதனால் அவனை அவிழ்த்து விடுகிற நேரம் தவிர மற்ற நேரமெல்லாம் முருங்கை மரத்தடியில் கட்டி, பக்கத்தில் அகலமான அலுமினியச் சட்டியில் தண்ணீர் வைப்பாள். தையல் கடைக்கு வேலைக்குப் போக ஆரம்பித்த பிறகு, மத்தியானம் சட்டியை நிரப்ப வேண்டும் என்று அம்மாவிடம் தினமும் சொல்லிவிட்டுப் போவாள். கடல் உள்ளே வந்த அந்த டிசம்பரில் ரோடெல்லாம் சிதைந்து கிடந்தபோதும் அவன் மாத்திரை தவறவில்லை. எப்போதும் ஓர் அட்டை கூடுதலாக வாங்கி வைத்திருந்தாள்.

மருந்து கொடுத்தும் எப்போதாவது விழுந்தான். அளவைக் கூட்டினால் வலிப்பு நின்றது, ஆனால் நாள் முழுக்கத் தூங்கினான். குறைத்தால் ஓடினான், விழுந்தான். இதற்காக அக்கா எத்தனை முறை புதுச்சேரிக்குப் போய் வந்திருப்பாள் என்று தெரியாது. கடைசியில் நடுவாக ஓர் அளவில் நிறுத்தினாள். எப்பவாவது விழட்டும், மத்த நாளெல்லாம் ஓடட்டும் என்றாள். வைத்தியம் பார்க்கிறேன் என்று நாயை வதைக்கிறாள் என்று தெருவில் பேசியது எங்கள் காதுக்கும் வந்தது. சாயங்காலம் பாத்தி வரப்பில் அவள் பின்னால் அவன் துள்ளிக்கொண்டு ஓடியதை அவர்களும்தான் பார்த்தார்கள்.

2006 கோடையில் என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். அன்று அக்கா வீட்டில் இருக்கக் கூடாது என்று மாமா முடிவு செய்துவிட்டார். கூனிமேட்டில் அவளோடு தைக்கிற ஒரு தோழியின் வீட்டுக்கு அனுப்பினார். அவள் போனதும், வந்தவர்கள் முன்னால் நாயும் விழுந்து தொலைக்கக் கூடாது என்று அவனை அவிழ்த்து உப்பளத்துப் பக்கம் விரட்டிவிட்டு வந்தார். இதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது. பட்டுப்புடவையில் உள்ளே உட்கார்ந்திருந்தேன். அவர்கள் காபி குடித்துக்கொண்டிருந்தபோது, உப்பு வாருகிற அம்மா ஒருவர் முழங்கால்வரை ஈரமாக வாசலில் வந்து நின்றார். "உங்க நாயி பாத்தியில வுழுந்து இழுத்துக்கினு கெடக்குதும்மா. அடங்க மாட்டேங்குது" என்றார்.

"அது நம்ம நாயி இல்லம்மா. நீ போ" என்றார் மாமா. குரல்கூட மாறவில்லை.

நான் எழுந்து வாசலுக்கு வந்தேன். "அது எங்க நாய்தான். எங்க அக்கா வளர்க்குறது. அக்காவுக்கும் வலிப்பு இருக்குது. அதனாலதான் ரெண்டு பேரையும் இன்னைக்கு ஒளிச்சு வச்சிருக்காங்க" என்று சொல்லிவிட்டு, அந்த அம்மாவோடு போய்விட்டேன். வந்தவர்கள் எப்போது கிளம்பினார்கள் என்று நான் கேட்டுக்கொள்ளவே இல்லை.

ஒரு வலிப்பு அடங்கி நினைவு திரும்புவதற்குள் அடுத்தது வந்துகொண்டிருந்தது. உடம்பெல்லாம் உப்பு பூத்து, கண் இரண்டும் சிவந்து கிடந்தான். வரப்பில் நின்ற ஆட்கள்தான் தூக்கிவந்து ஆட்டோவில் கிடத்தினார்கள். தோழியின் வீட்டுக்குப் போன் செய்திருந்ததால் கூனிமேட்டில் அக்கா ரோட்டோரம் நின்றிருந்தாள். ஏறி உட்கார்ந்து அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். வாயோரம் படிந்திருந்த உப்பை முந்தானையால் துடைத்தாள். ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"தண்ணி வச்சாங்களா?"

நான் அவன் கால்களைப் பிடித்துக்கொண்டேன். 

அதே டாக்டர்தான். ஊசி மருந்து ஏற்றிப் பார்த்தார். சற்று அடங்கி, மறுபடி இழுத்தது. மயக்கத்திலேயே வைத்திருந்து இரண்டொரு நாள் பார்க்கலாம், ஆனால் ஈரல் ஏற்கெனவே சரியில்லை, மூளை எவ்வளவு மிஞ்சும் என்று தெரியவில்லை என்று மறைக்காமல் சொன்னார். இந்த முறை ஊசி என்ற பேச்சை அவர் எடுக்கவில்லை. அக்காதான் எடுத்தாள். முதலில், இவனுக்கு இப்போது வலி தெரியுமா என்று கேட்டாள். தெரியாது என்றார். எழுந்தால் என்னை அடையாளம் தெரியுமா என்றாள். அவர் இல்லையென்று தலையை ஆட்டினார். அவன் காதை விரலால் நீவிக்கொண்டே வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். "போட்டுடுங்க" என்றாள். போடும்போது கையை எடுக்கவில்லை.

வீடு திரும்பியபோது மாமா வாசலில் உட்கார்ந்திருந்தார். விஷயத்தைக் கேட்டுக்கொண்டு, "இதைத்தான் நான் அப்பவே சொன்னேன்" என்றார்.

இத்தனை வருஷத்தில் நான் கேட்ட வார்த்தைகளில் இதைப் போல என்னை எரியவைத்தது வேறொன்றில்லை. அப்போதே சொன்னாராம். அப்போது அவர் கேட்ட சாவும் அக்கா தன் வாயால் சொன்ன சாவும் ஒன்றா? நடுவே இரண்டு வருஷம் ஒரு உயிர் வரப்பில் ஓடியது, மழையில் நனைந்தது, ஒருத்தியை வீட்டுக்கு வெளியே இழுத்து வந்தது. அவரைப் பொறுத்தவரை அதெல்லாம் வீண் செலவு. கண்ணை உறுத்துகிற ஒன்றைக் கண்ணிலிருந்து அகற்றுவதற்குத்தான் அவருக்குக் கருணை என்று பெயர். அந்த நாயைக் கொன்றது வலிப்பு என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். வலிப்போடு அவன் வாழ்ந்துகொண்டுதான் இருந்தான். மறைக்க வேண்டும் என்ற வெறிதான் அவனைக் கொன்றது.

அக்கா அதன்பின் புதுச்சேரியிலேயே அறை எடுத்துத் தங்கிவிட்டாள். இப்போது சொந்தமாகத் தையல் கடை வைத்திருக்கிறாள். அவளுடைய மாத்திரை, கடை மேசைமேல் நூல்கண்டுகளுக்குப் பக்கத்தில், வருகிறவர் போகிறவர் பார்க்கும்படி இருக்கும். என்னைக் கட்டிக்கொண்டவர் முதல் சந்திப்பிலேயே எல்லாம் கேட்டுத் தெரிந்துகொண்டுதான் சம்மதித்தார். சொன்னால் எல்லாரும் ஓடிவிடுவார்கள் என்பதும் மாமாவின் பொய்தான்.

போன வருஷம் மாமாவின் கடைசி மகனுக்குக் கல்யாணம். பந்தியில் நானும் அக்காவும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். மாமாவுக்கு வயதாகிவிட்டது, ஆனாலும் பெண் வீட்டுக்காரர்களை ஒவ்வொரு இலையாக அழைத்துவந்து சொந்தங்களைக் காட்டிக்கொண்டிருந்தார். எங்களிடம் வந்து, அக்காவைக் காட்டி, "இது என் அக்கா பொண்ணு. கல்யாணமே வேணாம்னு இருந்துட்டா" என்றார்.

அக்கா நிமிர்ந்து பார்த்தாள். "இல்லைங்க" என்றாள், அந்தப் பெண் வீட்டுக்காரரிடம், மரியாதையாக. "எனக்கு வலிப்பு இருக்குதுங்க. அதை மறைச்சு எங்க மாமா கட்டிக் கொடுத்தாரு. தெரிஞ்சதும் அவங்க திருப்பி அனுப்பிட்டாங்க."

சொல்லிவிட்டுச் சோற்றில் குழி பறித்து, ரசம் கொண்டுவந்தவரைக் கூப்பிட்டாள். யார் யார் காதில் விழுந்தது என்று மாமா சுற்றிலும் பார்த்தார். எல்லார் காதிலும் விழுந்திருந்தது.